பன்னிரண்டு வயது ராஜாவும் ஒரு செல்லாத ஒப்பந்தமும்

பி.காம். படித்தவர்களில் மோஹோரி பீபியைத் தெரியாதவர் இருக்க முடியாது. வணிகச் சட்டம் பேப்பரில் ஐந்து மார்க்குக்கோ பத்து மார்க்குக்கோ கட்டாயம் வந்து நிற்பார். மோஹோரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ், 1903. மைனர் செய்த ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. பதினெட்டு வயது ஆகாதவன் "சரி" என்று சொன்னால், சட்டத்தின் கண்ணில் அவன் ஒன்றுமே சொல்லவில்லை என்று அர்த்தம்.

இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்ததோடு மறந்துவிட்டேன். போன மாதம் காஞ்சிபுரத்தில் ஒரு கோயில் சுவருக்கு முன்னால் நின்றபோதுதான் மறுபடி நினைவுக்கு வந்தது. அந்தச் சுவரில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் "நான் போகிறேன்" என்று சொல்கிறான். சொன்ன ஒரு வார்த்தைக்காக அதற்கப்புறம் பல வருஷம் சண்டை போடுகிறான்.

எங்கள் கும்மிடிப்பூண்டியிலிருந்து காஞ்சிபுரம் ஒன்றும் பெரிய தூரமில்லை. திருவள்ளூரில் பஸ் மாறினால் போதும். காஞ்சிக்குப் போகிறவர்கள் பட்டுப் புடவைக் கடை, காமாட்சி அம்மன், வரதராஜப் பெருமாள், நேரம் இருந்தால் கைலாசநாதர் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அவ்வளவு கூட்டம் வராது. திருமங்கையாழ்வார் பாடிய பரமேச்சுர விண்ணகரம் இதுதான். மூன்று தளம், மூன்று தளத்திலும் பெருமாள் வெவ்வேறு நிலையில். கருவறையைச் சுற்றிச் சிங்கத் தூண்கள் தாங்கும் ஒரு திருச்சுற்று. அந்தத் திருச்சுற்றுச் சுவர் முழுக்க இரண்டு வரிசையாகச் சிற்பங்கள். பல்லவ வம்சத்தின் கதை, ஆதியிலிருந்து கோயிலைக் கட்டிய ராஜா வரைக்கும். சில சிற்பங்களுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சித்திரக்கதைப் புத்தகத்தின் மூதாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணற்கல் என்பதால் நிறைய முகங்கள் தேய்ந்துவிட்டன. இந்தச் சுவரை ஒவ்வொரு சிற்பமாகப் படித்து ஒரு நூல் எழுதியவர் சி. மீனாட்சி. 1940-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். நூல் 1941-ல்தான் வெளிவந்தது. அவர் இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் அந்தச் சுவரைப் பார்த்து "நல்லா செதுக்கியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு வந்திருப்போம்.

சரி, கதைக்கு வருவோம்.

யாருக்கும் வேண்டாத சிம்மாசனம்

கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மனைத் தெரியும். அவனுக்கு அடுத்து வந்தவன் இரண்டாம் பரமேசுவரவர்மன். சில வருஷங்கள்தான் ஆண்டான். அதற்குள் சாளுக்கிய இளவரசன் விக்கிரமாதித்தன் படையெடுத்து வந்து காஞ்சியை வளைத்துக் கப்பம் வாங்கிக்கொண்டு போனான். பிறகு பரமேசுவரன் கங்கர்களோடு நடந்த போரில் உயிரையும் விட்டான். இது நடந்தது ஏறக்குறைய 731-ல்.

இனி சுவர் சொல்வது. அரசன் இறந்து நாடு தவிக்கிறது. மந்திரிகளும் மூலப்பிரகிருதிகள் எனப்பட்ட நாட்டின் முக்கியஸ்தர்களும் கடிகையாரும் சேர்ந்து புறப்படுகிறார்கள். கடிகை என்பது காஞ்சியின் புகழ்பெற்ற கல்விச் சாலை. அதாவது இன்றைய கணக்கில் தலைமைச் செயலகமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ராஜா தேடிக் கிளம்புகின்றன. அவர்கள் போய் நிற்பது இரணியவர்மன் என்பவரிடம். இவரும் பல்லவர்தான், ஆனால் கிளை வேறு. காசாக்குடிச் செப்பேட்டில் வம்சாவளி இருக்கிறது. சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன். அந்தப் பீமவர்மனுக்குப் பின் நான்காவது தலைமுறை இரணியவர்மன். காஞ்சியில் ஆண்டதெல்லாம் அண்ணன் வழி. இவர்கள் தம்பி வழி, ஒருநாளும் ஆளாதவர்கள்.

இரணியவர்மன் தன் குலத்துத் தலைவர்களைக் கூப்பிட்டு யார் போகிறீர்கள் என்று கேட்கிறார். யாரும் அசையவில்லை. தன் பிள்ளைகளைக் கேட்கிறார். ஸ்ரீமல்லன் மாட்டேன் என்கிறான். இரணமல்லன் மாட்டேன் என்கிறான். சங்கிராமமல்லனும் மாட்டேன் என்கிறான். கடைசிப் பிள்ளை பல்லவமல்லன், வயது பன்னிரண்டு. அவன்தான் நான் போகிறேன் என்கிறான்.

அப்பாவுக்கு மனசு வரவில்லை. இவ்வளவு சின்னப் பையனை எப்படி அனுப்புவது என்று தயங்குகிறார். தரணிகொண்டபோசர் என்ற பெரியவர் பேசித் தேற்றுகிறார், இவன் பெரிய அரசனாக வருவான் என்கிறார். அப்பா சம்மதிக்கிறார். பையன் மலையும் நதியும் காடும் கடந்து வருகிறான். வழியில் பல்லவடி அரையர் படையோடு எதிர்கொண்டு யானை மேல் ஏற்றி அழைத்து வருகிறார். காஞ்சியில் சிற்றரசர்களும் நகரத்தாரும் மூலப்பிரகிருதிகளும் காடக்க முத்தரையரும் வரவேற்கிறார்கள். நந்திவர்மன் என்ற பெயரில் முடிசூட்டுகிறார்கள். சமுத்திரகோஷம் என்னும் வாத்தியம், கட்வாங்கக் கொடி, ரிஷப முத்திரை என்று அரச சின்னங்கள் எல்லாம் கைக்கு வருகின்றன.

(பையன் கம்போடியாவிலிருந்து கப்பலில் வந்தான் என்று யூடியூபில் ஒரு கதை சுற்றுகிறது. அப்படி ஊகித்த ஆராய்ச்சியாளர்களும் உண்டு. ஆனால் சுவரில் மலை, நதி, காடு எல்லாம் இருக்கிறது. நானும் ஆசையாகத் தேடினேன், கடல் கண்ணில் படவில்லை.)

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது பையன் சொன்ன "சரி" இல்லை. மூன்று அண்ணன்களும் சொன்ன "மாட்டேன்" தான். அவர்கள் கோழைகள் என்று எங்கும் எழுதவில்லை. விவரம் தெரிந்தவர்களாக இருந்திருப்பார்கள். முன்பு இருந்த ராஜா போரில் செத்திருக்கிறான். சாளுக்கியன் கஜானா இருக்கும் வழியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். கடனில் மூழ்கின கம்பெனிக்கு மேனேஜிங் டைரக்டராக வாருங்கள் என்று கூப்பிட்டால் பாலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்தவன் போவானா? படிக்கத் தெரியாதவன்தான் போவான். மூத்தவர்கள் எல்லாரும் ஒதுங்கிய பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் சொன்ன வார்த்தை அது.

கூப்பிட வந்தவர்கள் பக்கமும் யோசிக்க வேண்டும். பெரிய ஆள் வந்து உட்கார்ந்தால் தன் ஆட்களைக் கொண்டுவந்து பதவியில் வைப்பான். சின்னப் பையன் வந்தால் இருக்கிறவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் அரண்மனைக்காரர்கள் இவ்வளவு தூரம் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் காரணம் சுவரில் இல்லை. செப்பேட்டில் இருக்கிறது.

சித்திரமாயன்

உதயேந்திரம் செப்பேடு நந்திவர்மனின் 21-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. உதயசந்திரன் என்ற தளபதி கேட்டுக்கொண்டபடி 108 பிராமணர்களுக்கு ஒரு கிராமத்தைத் தானமாகக் கொடுத்த ஆவணம். கிராமத்துக்குப் பெயரே உதயசந்திரமங்கலம். அதனால் தளபதி என்னவெல்லாம் சாதித்தார் என்ற பட்டியல் அதில் வருகிறது. முதல் சாதனையே நமக்குத் தூக்கிவாரிப்போடும். பல்லவமல்லன் நந்திபுரத்தில் திராவிட அரசர்களால் முற்றுகையிடப்பட்டு மாட்டிக்கொண்டபோது உதயசந்திரன் போய் மீட்டார். பல்லவராஜன் சித்திரமாயனையும் மற்றவர்களையும் வாளால் வெட்டிக் கொன்றார்.

கவனியுங்கள். பல்லவராஜன் சித்திரமாயன். எதிரி ஒரு பாண்டியனோ சாளுக்கியனோ இல்லை, இன்னொரு பல்லவன். அரசன் இல்லாமல் நாடு தவித்தது என்று சுவர் சொல்கிறது. ஆனால் சிம்மாசனத்துக்கு உரிமை கேட்க ஒருவன் இருந்திருக்கிறான். அவன் பரமேசுவரனின் மகனாக இருக்கலாம் என்று சில வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். தெற்கே பாண்டியன் மாறவர்மன் ராஜசிம்மன் இருந்தான். அந்தத் திராவிட அரசர்களில் பாண்டியனும் இருந்திருப்பான் என்பது பொதுவான கருத்து. முற்றுகை நடந்த நந்திபுரம் கும்பகோணம் பக்கத்து நாதன்கோவில். காஞ்சியின் ராஜா காஞ்சியில் இல்லை, சோழநாட்டுக் கோட்டை ஒன்றுக்குள் அடைந்து கிடந்தான் என்பதிலிருந்தே நிலைமை புரிகிறது.

அதே செப்பேடு உதயசந்திரன் பல முறை நாட்டை நந்திக்கு வாங்கிக்கொடுத்தார் என்கிறது. பல முறை! அப்படியானால் பல முறை கையை விட்டுப் போயிருக்கிறது. நிம்பவனம், சூதவனம், சங்கரகிராமம், நெல்லூர், நெல்வேலி என்று போர்க்களங்களின் பெயர் அடுக்கிக்கொண்டே போகிறது. வடக்கே வேங்கிச் சாளுக்கியன் விஷ்ணுராஜனின் எல்லை வரை போய், அசுவமேதம் செய்ய முயன்ற பிருதிவிவியாக்கிரன் என்ற தலைவனைத் துரத்தினார். காஞ்சியிலிருந்து வடக்கே போகிற படை எங்கள் பக்கமாகத்தான் போயிருக்கும் என்று ரயிலில் கவரப்பேட்டை தாண்டும்போது நினைத்துக்கொள்வேன்.

இங்கே எனக்கு ஆடிட்டிங் வகுப்பு உதவியது. எங்கள் சார் ஒரு விதி சொல்வார். கம்பெனி தானே தயாரித்த சான்றைவிட வெளியாள் கொடுக்கும் சான்று நம்பகமானது. வவுச்சரை மட்டும் பார்க்காதே, பேங்க் ஸ்டேட்மெண்டையும் கடன்காரன் கடிதத்தையும் கேள் என்பார். கோயில் சுவர் நந்திவர்மனே கட்டிய கோயிலின் சுவர். முழுக்க முழுக்க உள்சான்று. உதயேந்திரம் செப்பேடும் உள்சான்றுதான். ஆனால் தளபதியைப் புகழ வேண்டும் என்றால் ராஜா மாட்டிக்கொண்டதைச் சொல்லியாக வேண்டும். இப்படித் தனக்குப் பாதகமாக ஒரு கணக்கு உண்மையைக் கக்கினால் அதை நம்பலாம்.

வெளிச்சான்றுகளும் இருக்கின்றன. இரண்டுமே எதிரிகளுடையவை. பாண்டியர்களின் வேள்விக்குடிச் செப்பேடு, குழும்பூரில் பல்லவமல்லனை முறியடித்து யானைகளையும் குதிரைகளையும் பிடித்ததாகச் சொல்கிறது. சாளுக்கியர்களின் கேந்தூர்ச் செப்பேடு இன்னும் விவரமானது. பழைய இளவரசன் விக்கிரமாதித்தன் இப்போது அரசன். பல்லவரைத் தன் பிறவிப் பகைவர் என்று நினைத்துத் தொண்டை நாட்டுக்குள் புகுந்தான். எதிர்த்து வந்த நந்திபோதவர்மன் தோற்று ஓடினான். சாளுக்கியன் கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் சமுத்திரகோஷம் இருக்கிறது. கட்வாங்கக் கொடி இருக்கிறது.

பன்னிரண்டு வயதில் காஞ்சியில் வரவு வைக்கப்பட்ட அதே இரண்டு சின்னங்கள்! ஒரு லெட்ஜரில் வரவு, இன்னொரு லெட்ஜரிலும் வரவு. நந்திவர்மன் பக்கத்துப் பற்றுப் பதிவை மட்டும் யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த நாள் தெரிகிறது. அப்போது அவனுக்கு இருபதை ஒட்டிய வயது. இன்றைக்கு என் வயது.

விக்கிரமாதித்தன் ஒரு நல்ல காரியமும் செய்தான். காஞ்சியை இடிக்கவில்லை. கைலாசநாதர் கோயில் பொன்னைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அங்கே ஒரு தூணில் கன்னடக் கல்வெட்டாக அது இன்றும் இருக்கிறது. அவனுடைய ராணிகள் இருவர் பட்டடக்கல்லில் கட்டிய கோயில்களும் இருக்கின்றன. தோற்ற பையன் எங்கே போய் எத்தனை நாள் ஒளிந்திருந்தான் என்பதுதான் எதிலும் இல்லை.

முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நந்திவர்மன் திரும்பி வந்தான். 65 வருஷம் வரை ஆண்டான். கங்க மன்னனிடமிருந்து உக்ரோதயம் என்ற மணி பதித்த ஆரத்தைப் பறித்தான். ராஷ்டிரகூடப் பெண் ரேவாவை மணந்தான். மகனுக்குத் தந்திவர்மன் என்று பெயர் வைத்தான். வைகுண்டப் பெருமாள் கோயிலைக் கட்டித் தன் கதையைச் சுவரில் எழுதினான். பெரியவர் தரணிகொண்டபோசர் சொன்னது பலித்துவிட்டது. பலித்ததால்தான் அது சுவரில் இருக்கிறது.

பலிக்காமல் போயிருந்தால்?

அதற்கும் உதாரணம் உண்டு. இங்கிலாந்தில் 1483-ல் ஐந்தாம் எட்வர்டு ராஜாவானபோது அவனுக்கும் பன்னிரண்டு வயது. மூன்று மாதத்துக்குள் சித்தப்பா ரிச்சர்டு சிம்மாசனத்தில் ஏறினார். பையன் லண்டன் கோபுரத்தில் தம்பியோடு காணாமல் போனான். 1484-ல் நாடாளுமன்றம் அவன் முறையான வாரிசே இல்லை என்று சட்டம் போட்டது. அடுத்த வருஷம் ரிச்சர்டைக் கொன்று ஏழாம் ஹென்றி வந்ததும் அந்தச் சட்டத்தை ரத்து செய்து, பிரதிகளைக்கூட அழிக்கச் சொன்னார். ஜெயித்தவர் கையில் கணக்குப் புத்தகம்.

நம் பக்கத்துக்கே வருவோம். திருவாலங்காட்டுச் செப்பேடு நம் திருவள்ளூர் மாவட்டத்துச் சொத்து. 31 ஏடுகள், 1905-ல் கிடைத்தது. நாட்டு மக்கள் கேட்டும் அருள்மொழிவர்மன் தன் சிற்றப்பா உத்தமசோழனுக்கு ஆசை இருக்கும் வரை எனக்கு அரசு வேண்டாம் என்றான் என்று அதில்தான் வருகிறது. பொன்னியின் செல்வன் படம் பார்த்து நாமெல்லாம் உருகிய தியாகம். எழுதியவர்கள் யார்? அருள்மொழியின் மகன் ராஜேந்திரனின் அரண்மனைப் புலவர்கள். உத்தமசோழன் பக்கத்துச் செப்பேடு இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கும்? ஒருவன் வேண்டாம் என்றான், இன்னொருவன் சரி என்றான். இரண்டையும் எழுதியது ஜெயித்த வீடுதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு சின்ன லேத் பட்டறை உண்டு. சிப்காட்டில் இருக்கும் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்வது. பெரியப்பாவும் அப்பாவும் பார்ட்னர்கள். இரண்டு வருஷம் முன்னால் பெரியப்பா தவறிவிட்டார். காரியம் முடிந்த பத்தாம் நாளோ என்னவோ, மாமாக்கள், சித்தப்பா, ஆடிட்டர் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பெரியப்பா மகன், என் அண்ணன், அப்போது ஊரில் இல்லை. வேலைக்குத் திரும்பிவிட்டிருந்தான். "இவன் காமர்ஸ்தானே படிக்கிறான், கணக்கு வழக்கு பார்த்துப்பான், இவனையே போட்டுடலாம்" என்றார் ஒரு மாமா. அப்பா ஒன்றும் பேசவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "உனக்குச் சம்மதம்தானேடா?" என்றார்கள். நான் சரி என்றேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது. மோஹோரி பீபி காப்பாற்ற வரமாட்டார். பெரியப்பாவின் பங்கைக் கணக்குப் பார்த்துப் பெரியம்மாவிடம் கொடுத்தாயிற்று. சட்டப்படி எல்லாம் சரி. பத்திரத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அதைப் படிக்கிற யாரும் நான் ஆசைப்பட்டு வந்தேன் என்றுதான் நினைப்பார்கள். ஆசைப்பட்டேனா, பயந்தேனா, அப்பா முகத்தைப் பார்த்துச் சொன்னேனா, எனக்கே இன்றுவரை தெரியாது. அண்ணன் அதற்குப் பிறகு என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. போன தீபாவளிக்கு வந்தான். பட்டறைப் பக்கம் வரவில்லை.

காஞ்சிபுரத்தில் அந்தச் சிற்பத்தின் முன் நிற்கும் வரை நான் என்னை நந்திவர்மனாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம் சின்னப் பையன், பெரியவர்கள் இழுத்துவிட்டார்கள் என்று. சுற்றி வந்து முடித்தபோது வேறு ஒன்று உறைத்தது. அந்தச் சுவரில் அவ்வளவு சிற்பம் இருக்கிறது, சித்திரமாயன் பெயர் எழுதிய சிற்பம் ஒன்றுகூட இல்லை. அவனுக்கு என்ன வயது, அவனை யார் கிளப்பிவிட்டார்கள், அவனும் யார் முகத்தையாவது பார்த்துத்தான் சரி என்றானா, எதுவும் இல்லை. வெட்டிக் கொன்றதாகப் பெருமை பேசும் ஒரு வரிதான் அவனுக்கு மிஞ்சியது.

எங்கள் வீட்டுக் கூட்டத்தில் அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. போன் போட்டு "அண்ணா, உனக்கு வேணுமா?" என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

திரும்பி வரும்போது திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் போனைக் கையில் எடுத்தேன். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். அது சாக்கு என்று எனக்கும் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு. அன்றைக்குக் கூப்பிட வேண்டும்.

காஞ்சிக்குப் போகிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நேராகத் திருச்சுற்றுக்குப் போங்கள். அண்ணன்கள் மாட்டேன் என்று சொல்லும் இடத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பார்த்துவிட்டு வந்து உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.